வேலைக்குச் சேர்க்கும்போது எதைப் பார்ப்பது, எதைக் கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். மின்சாரத்தில் ஓடும் இயந்திரங்களும் உண்டு. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் நால்வர் பீகாரிலிருந்து வந்தவர்கள். சேரும் நாளில் ஒவ்வொருவரிடமும் ஆதார் அட்டையின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறேன். இது போதாதா?
– ஒரு பட்டறை உரிமையாளர், சேலம்

பதில்: போதாது. ஆதார் ஒருவரை இன்னார் என்று காட்டும். அவருடைய வயதுக்கு அது உறுதியான சான்று ஆகாது. பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2024 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், இறந்தவரின் வயதை ஆதாரைக் கொண்டு அல்லாமல் பள்ளிச் சான்றிதழைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்கள் தொழிலில் நான் முதலில் கேட்கும் கேள்வியே வயதுதான். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிரம்பாதவரைச் சம்பளத்துக்கு எந்தப் பட்டறையிலும் வைத்துக்கொள்ள முடியாது. 14 முதல் 18 வரையிலான வளரிளம் பருவத்தினரை அபாயகரமான வேலைகளில் ஈடுபடுத்தவும் முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். உருக்குவதும் பற்றவைப்பதும் அமிலமும் புழங்கும் இடத்தில், 18 நிரம்பியவர் என்று சான்றுடன் தெரிந்தவரை மட்டுமே சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பையனுக்கு வேலை பழகட்டும், வீட்டில் கஷ்டம்’ என்று பெற்றோரே அழைத்து வந்து நிறுத்தினாலும் இதில் இரக்கம் காட்டாதீர்கள். உலைக்கு முன்னால் அந்தப் பிள்ளையை உட்காரவைப்பது இரக்கம் ஆகாது.

பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்றின் அசலைக் கேளுங்கள். அசலையும் ஆளையும் ஒன்றாகப் பார்த்து, நகலின் மேல் ‘அசலுடன் ஒப்பிட்டேன்’ என்று எழுதித் தேதியுடன் கையெழுத்திட்டு, அசலை அப்போதே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆளை அழைத்து வந்த மேஸ்திரி கைப்பேசியில் அனுப்பிய படத்தை அச்செடுத்துக் கோப்பில் சேர்ப்பது சரிபார்ப்பு ஆகாது. வயதில் தகராறு எழுந்தால் அரசு மருத்துவ அதிகாரியின் சான்று கேட்கப்படும்.

அடுத்தது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். பத்துப் பேருக்கு மேல் வைத்து உற்பத்தி செய்வதால் உங்கள் பட்டறை அதன் வரம்புக்குள் வருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் ஒவ்வொருவரையும், சேர்ந்த 10 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஊதியத்தில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். பல உரிமையாளர்கள் ‘ஆள் நிலைக்கிறானா பார்ப்போம்’ என்று இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுகிறார்கள். புதிதாக வந்தவருக்கு இயந்திரம் பழகியிராத அந்த முதல் வாரங்களில்தான் விரல் நசுங்கும் ஆபத்து அதிகம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பணியிடக் காயத்துக்கான உதவித்தொகைக்குக் குறைந்தபட்சச் சந்தா நிபந்தனை எதுவும் இல்லை. வேலையில் சேர்ந்த நாள் முதலே அந்த உரிமை உண்டு, தற்காலிக ஊனக் காலத்தில் ஊதியத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். வருங்கால வைப்பு நிதி 20 பேரை எட்டும்போது கட்டாயமாகும்.

மூன்றாவதாக, நீங்கள் வாங்கிவைக்கும் தாள்களைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டிய தாள் ஒன்றும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களில் ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு 3 மாதக் கெடு விதித்தது. இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பெயர், வேலை, சேர்ந்த நாள், ஊதியம் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். பீகார் தொழிலாளர்களுக்கு இந்தியிலும் ஒரு படி கொடுத்து, தமிழகத் தொழிலாளர் துறையின் வெளிமாநிலத் தொழிலாளர் இணையதளத்திலும் அவர்களைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கராகச் சேர்ந்தபோது, என் அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு, இரண்டு ஆண்டு இருப்பதாக ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது விலக விரும்புகிறேன். பணம் கட்டினால்தான் சான்றிதழ் என்கிறார்கள்.
– ஒரு வாசகி

பதில்: இவை இரண்டும் தனித்தனி விஷயங்கள், சகோதரி. குறிப்பிட்ட காலம் பணியாற்றும் ஒப்பந்தம் தன்னளவில் செல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வங்கி ஊழியரின் வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன்பே விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆகவே, நியாயமான ஒரு தொகையை அவர்கள் சட்டப்படி கோரக்கூடும். ஆனால், அந்தத் தொகைக்கு ஈடாகச் சான்றிதழைப் பிடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, பாக்கிக்கு ஈடாக அதைப் பிடித்துவைக்கும் உரிமையைக் கோர முடியாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. உங்கள் நிலைக்கும் அந்த வாதம் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

எந்தெந்தச் சான்றிதழை எந்த நாளில் கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு, ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் திரும்பக் கேளுங்கள். பதில் வராவிட்டால் சேலத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஏற்காடு விடுதிக்கு நேபாளத்தைச் சேர்ந்த சமையல்காரர் ஒருவர் வேலை கேட்டு வந்திருக்கிறார். வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளலாமா?
– விடுதி மேலாளர்

பதில்: சேர்த்துக்கொள்ளலாம். 1950ஆம் ஆண்டின் இந்திய – நேபாள உடன்படிக்கையின்படி நேபாளக் குடிமக்கள் இங்கே விசாவோ பணி அனுமதியோ இல்லாமல் வேலை செய்யலாம். அவருடைய கடவுச்சீட்டு அல்லது நேபாளக் குடியுரிமைச் சான்றிதழின் அசலைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். நியமனக் கடிதமும் ஊதியமும் மற்றவர்களுக்கு உள்ளபடியே இருக்க வேண்டும். பிற நாட்டவர் என்றால் வேலைவாய்ப்பு விசா இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். சுற்றுலா விசாவில் வந்தவரை ஒரு நாள்கூடச் சமையலறையில் நிறுத்தக் கூடாது.