நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே ஏன் முன்னோடியாகக் கருதப்படுகிறார்?

தொமினிக் ழான் லாரேயின் புகழுக்கு அவருடைய கை வேகம் மட்டும்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வேகம் உண்மைதான். மயக்க மருந்தே இல்லாத 1812-இல், ரஷ்யாவில் நடந்த பொரோதினோ போரில் ஏறத்தாழ 200 உறுப்பு நீக்க அறுவைகளை அவர் செய்தார். ஆனால் அதைவிடப் பெரிய சாதனை, காயமுற்றவரைத் தேடி மருத்துவத்தைப் போர்க்களத்துக்குள் கொண்டுசென்றதே என்பது என் கருத்து.

1766-இல் பிரெனீ மலைப்பகுதியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, துலூஸில் அறுவை மருத்துவராக இருந்த உறவினரிடம் தொழில் பயின்ற லாரே, 1792-இல் பிரான்சின் ரைன் படையில் சேர்ந்தார். அக்காலத்தில் மருத்துவ வண்டிகள் களத்துக்கு வெகுதொலைவில் நிறுத்தப்பட்டு, சண்டை ஓய்ந்த பின்னரே முன்னே வந்ததால், பலர் கிடந்த இடத்திலேயே இறந்தனர். இதைப் பொறுக்காத அவர், குதிரைகள் இழுக்கும் இலகுவான 'பறக்கும் மருத்துவ வண்டி'யை உருவாக்கினார். இரு சக்கர வண்டியில் இருவர் படுக்கலாம்; மெத்தையிட்ட அடித்தட்டு சிறு உருளைகளின்மேல் வெளியே நகர்ந்து வந்ததால், காயமுற்றவரை அதிகம் அலைக்கழிக்காமல் ஏற்ற முடிந்தது.

பதவியையோ நாட்டையோ பாராமல், காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்து முதலில் யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்யும் முறையையும் அவர் கறாராகக் கடைப்பிடித்தார். தளபதியும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது, பேரரசர் ஒருவரின் படைக்குள் எவ்வளவு துணிச்சலான விதி! அதே பேரரசர் நெப்போலியன்தான் தம் உயிலில் லாரேயைத் தாம் அறிந்தவர்களிலேயே மிக நற்பண்புள்ளவர் என்று குறிப்பிட்டு, 1,00,000 பிராங்குகளை அவருக்கு விட்டுச் சென்றார்.