தொட்டிலை இறக்கும் முன்

கேள்வி: நானும் கணவரும் மார்த்தாண்டம் பக்கம் வசிக்கும் கிறிஸ்தவக் குடும்பம். எனக்கு வயது 38, அவருக்கு 44. திருமணமாகிப் பதின்மூன்று ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு, இரண்டரை ஆண்டுகளாக ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வளர்ப்புப் பராமரிப்பில் எங்களுடன் இருக்கிறாள். அவள் அம்மா மனநலச் சிகிச்சையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். குணமானதும் மகளை அழைத்துக்கொள்வார் என்று தெரிந்தேதான் ஏற்றோம். ஆனாலும் ஒரு கைக்குழந்தை வேண்டும் என்ற ஆசை விடவில்லை. தெரிந்த நர்ஸ் ஒருவர், திருமணமாகாத ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம் என்கிறார். அவளை என் பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிறப்புச் சான்றிதழே எங்கள் பெயரில் வந்துவிடுமாம். இல்லையென்றால் தத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாமாம். மாமியார் பரணிலிருந்து தொட்டிலை இறக்கிவிட்டார். இதைச் செய்யலாமா? செய்தால் இந்தப் பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டியிருக்குமா? "பாப்பா வந்தால் நான் ஹோமுக்குப் போக வேண்டுமா?" என்று அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறாள்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் சிறுமியின் கேள்வி, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடமில்லாமல் செங்குத்தாக எழுதப்பட்டிருந்தது. நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் பிரசவம் அடுத்த மாதம் என்பதால் நர்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

வேண்டாம். அவர் சொல்லும் இரண்டு வழிகளும் வழிகளே அல்ல. ஒருத்தி பெற்ற பிள்ளையை இன்னொருத்தி பெற்றதாகப் பதிவு செய்வது தத்தெடுப்பு ஆகாது. அது போலி ஆவணம். தத்துப் பத்திரம் என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ அப்படிப் பதிவு செய்திருக்கலாம். கிறிஸ்தவர்களான உங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக உள்ள நம் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. ஒரு காலத்தில் கிறிஸ்தவர்கள் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பாளராக மட்டுமே ஆக முடிந்தது. பிள்ளை என்ற உரிமை அந்தக் குழந்தைக்குக் கிடைக்காது. இளைஞர் நீதிச் சட்டம்தான் அந்த நிலையை மாற்றியது. மதம் எதுவானாலும் அச்சட்டத்தின்படி தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2014-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு நேரான வழி இருக்கும்போது எதற்குப் புறவாசல்?

"கொஞ்சம் செலவாகும்" என்று நர்ஸ் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு தானாக நின்றுவிடும்.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. உங்கள் நான்கு பக்கத்தில் அந்தக் கர்ப்பிணிப் பெண் என்ன நினைக்கிறாள் என்று ஒரு சொல் இல்லை. பெற்ற பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கும் தாய்க்கு, மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சட்டம் 60 நாள் தருகிறது. வலி ஓய்ந்து, பால் கட்டி, வீட்டாரின் கோபமும் சற்று அடங்கிய பிறகு ஒருத்தி யோசிப்பதற்கான நாட்கள் அவை. நர்ஸின் திட்டத்தில் அவளுக்கு அறுபது நிமிடம்கூட இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். இலவச அழைப்புதான், யார் வேண்டுமானாலும் பேசலாம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முறைப்படி ஒப்படைக்கப்பட்டால் அந்தக் குழந்தை உங்களுக்கு வராது. வரிசையில் முன்னால் நிற்கும் யாருக்கோ போகும்.

இனி நேரான வழி. வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பிள்ளை இருப்பது தத்தெடுக்கத் தடை என்று தகுதி விதிகளில் எங்கும் இல்லை. எனவே இவளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டிய அவசியமும் இல்லை. காரா எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து இல்ல ஆய்வு அறிக்கை எழுதுவார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 82. இரண்டு முதல் நான்கு வயது வரை என்றால் 90 வரை போகலாம். கைக்குழந்தைக்கான வரிசை மூன்று ஆண்டுக்கும் மேல் நீள்கிறது. ஆகவே பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தவழும் பிள்ளைதான் வேண்டுமா, நடக்கும் பிள்ளையானால் ஆகாதா என்றும் கணவரோடு ஓர் இரவு பேசுங்கள். 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு உத்தரவை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தருகிறார். வழி தெரியவில்லையென்றால் நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேளுங்கள்.

குழந்தைகள் நலக் குழுவிடம் இதை மறைக்க வேண்டாம். வளர்ப்புக் குடும்பத்தை மாதந்தோறும் பார்வையிடுவது அவர்கள் கடமை. அப்படி வரும் நாளில், காகிதமில்லாத கைக்குழந்தை ஒன்று உள்ளறையில் அழுதால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பாப்பாவும் போயிருக்கும், பெரியவளும் போயிருப்பாள்.

அவள் கேள்விக்கு வருகிறேன். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று உங்கள் மாமியார் அடிக்கடி சொல்வாராம். நல்ல பழமொழிதான். ஆனால் உங்கள் வீட்டில் அது சொல்லப்படும் விதத்தில், சிறுமி ஒரு நேர்த்திக்கடன் போல ஆகிவிட்டாள்: இவளை வளர்த்தால் நமக்கொன்று கிடைக்கும் என்று. இரண்டரை ஆண்டு அதைக் கேட்ட பிள்ளை, தொட்டில் இறங்கியதும் தன் வேலை முடிந்தது என்று நினைக்காமல் வேறென்ன நினைக்கும்? வளர்ப்புக்காக அரசிடமிருந்து மாதம் வரும் 4,000 ரூபாய்க்காக வளர்க்கிறீர்கள் என்று உறவினர் சொல்வது உங்களுக்கு வலிக்கிறது என்கிறீர்கள். (ஜூன் மாதம் ஒரு பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகப் பையும் ஷூவும் வாங்கிப் பார்க்காதவர்கள் பேசும் பேச்சு அது, விடுங்கள்.) பழமொழி அவளுக்கு அப்படித்தான் வலிக்கும். மாமியாரிடம் அதை நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் உங்கள் கணவர் சொல்லட்டும், அவர் அம்மாதானே.

இவளையே தத்தெடுக்கலாமே என்று சில வாசகர்கள் கேட்பார்கள். 2024-இல் மாற்றிய வழிகாட்டு நெறிகளின்படி, இரண்டு ஆண்டு வளர்த்தவர்கள் அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு ஐந்து ஆண்டாக இருந்தது. ஆனால் அது சட்டப்படி தத்துக்குரியவர் என்று அறிவிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு. இவளுக்கு அம்மா இருக்கிறார், மகளைத் தேடி மாதம் தவறாமல் பஸ் ஏறி வருகிறார். அந்த நினைப்பே வேண்டாம்.

ஆகவே அவளிடம் "நீ எப்போதும் எங்களோடுதான்" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை; அவளுக்கும் அது தெரியும். உங்களால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "பாப்பா வந்தாலும் வராவிட்டாலும் அதற்காக நீ எங்கும் போக மாட்டாய். அம்மாவுக்குக் குணமானால் அம்மாவிடம் போவாய்." இதை ஒருமுறை சொன்னால் போதாது. இன்னொரு சிக்கலும் வரும். குழந்தை ஒதுக்கப்பட்டு நீங்கள் ஏற்றுக்கொண்டதும், உத்தரவு வரும்வரை அது உங்கள் வீட்டில் இருப்பதற்கும் "தத்தெடுப்புக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு" என்றுதான் பெயர். அதிகாரிகள் கூடத்தில் அமர்ந்து இந்தச் சொல்லைச் சொல்லும்போது அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். தனக்கும் அதே பெயர்தானே, பாப்பா மட்டும் எப்படி நிரந்தரமாகிறது என்று கேட்பாள். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

தொட்டிலைத் துடைத்துத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுங்கள். மூன்று ஆண்டுக்கு அதற்குக் கூடத்தில் வேலை இல்லை. அடுத்த முறை அவள் அம்மா வரும்போது, தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறோம் என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். மகளுக்கு இனி இடமில்லையோ என்று அஞ்சி, சிகிச்சையைப் பாதியில் விட்டு அவர் அழைத்துப் போக வந்துவிடக் கூடாது.