கேளுங்க, சொல்றேன்: கரண்டு பில்லும் போட்டிக் கம்பெனிகளும்

கேள்வி: அண்ணே, என் தம்பி சிங்கப்பூர் ஜூரோங்ல வேலை செய்றான். அங்க கரண்டு கம்பெனிய நாமளே தேர்ந்தெடுக்கலாமாம், அவனுக்கு பில்லு நல்லா குறைஞ்சிருக்காம். இங்க மலேசியாவுலயும் நம்ம கரண்டு கம்பெனி டிஎன்பிக்குப் போட்டியா நாலு கம்பெனி வந்தா நமக்கும் குறையுமா?
- ஒரு தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கொஞ்சம் குறையலாம் தங்கச்சி, ஆனா நீங்க நெனைக்கிற அளவுக்கு இல்ல, அதுவும் நிலைச்சு நிக்கும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது.

மொதல்ல உங்க பில்ல எடுத்துப் பாருங்க. 2025 ஜூலைலருந்து தீபகற்பத்துல வீட்டு பில்ல பிரிச்சுதான் போடறாங்க, மாசம் 1500 யூனிட்டுக்குள்ள இருந்தா மின்சாரம் உற்பத்தி பண்றதுக்கு யூனிட்டுக்கு 27.03 சென், மின் நிலையத்தைத் தயாரா வச்சிருக்கறதுக்கு 4.55 சென், கம்பி, டவர், சப்ஸ்டேஷனுக்கு 12.85 சென். நாளைக்கே பத்து கம்பெனி வந்தாலும் உங்க லயத்துக்கு வர்ற கம்பி ஒண்ணுதானே, அந்த 12.85 சென்ல யாராலயும் கை வைக்க முடியாது. போட்டியெல்லாம் பெரும்பாலும் அந்த 27 சென்லதான், அதுலயும் பெரிய பங்கு கேஸ், நிலக்கரி வெல. அது நம்ம ஊரு கடைக்காரன் கையில இல்ல.

நம்ம நாட்டுல பாதிக் கதவ ஏற்கனவே தொறந்தாச்சு, அது பலருக்குத் தெரியாது. 1992 செப்டம்பர்ல தீபகற்பமே இருட்டாச்சு, பெரியவங்கள கேட்டா சொல்வாங்க, அதுக்கப்புறம் அடுத்த வருஷமே தனியாருக்கு மின் நிலையம் கட்ட லைசென்ஸ் குடுத்தாங்க, மொதல்ல வாங்குனது ஒய்டிஎல்ங்கற தனியார் கம்பெனி. ஆனா ஒப்பந்தம் எப்படின்னா, கரண்ட எடுத்தாலும் எடுக்காட்டியும் அவங்களுக்குப் பணம் போயே ஆகணும். லாபம் தனியாருக்கு, இடிபடறது டிஎன்பியும் நாமளும். இதுதான் எனக்கு இன்னமும் ஆறல. சந்தைய தொறக்கறாங்களாங்கறத விட, வெல ஏறுனா அத யார் தலையில கட்றாங்கங்கறததான் நாம கேக்கணும்.

சிங்கப்பூரையே பாருங்க. 2018 ஏப்ரல்ல ஜூரோங்லதான் மொதல்ல வீடுகளுக்கு தொறந்தாங்க, ஆரம்பத்துல நல்ல தள்ளுபடி, தம்பி சொல்றது உண்மைதான். 2021-ல உலக அளவுல கேஸ் வெல எகிறுச்சு, சிங்கப்பூர் கரண்டுல 95 சதவீதம் கேஸ்தான், அந்த அக்டோபர்ல ஐஸ்விட்ச் மாதிரி கரண்டு விக்கிற கம்பெனிங்க கடைய மூடறோம்னு சொல்லிட்டாங்க. வீட்டுல கரண்டு நிக்கல, அந்த வீடுகள எஸ்பி குரூப்ங்கற கரண்டு கம்பெனி ஏத்துக்கிச்சு, ஆனா அந்தப் பழைய வெல போச்சு. அமெரிக்காவுல டெக்சாஸ்ல இன்னும் மோசம், அதே வருஷம் பிப்ரவரி குளிர்ல மொத்த வியாபாரச் சந்தை வெல யூனிட்டுக்கு 9 டாலர் வரைக்கும் போயி, அந்த வெலையிலேயே வாங்குற பிளான் எடுத்தவங்களுக்கு சில நாளுக்கே ஆயிரக்கணக்குல பில்லு வந்துச்சு.

அதனால தம்பிகிட்ட ரெண்டே ரெண்டு கேளுங்க: வெல ஒப்பந்தம் முடியுற வரைக்கும் மாறாததா, ஒப்பந்தம் எப்ப முடியுது. மாறாத வெலன்னா நல்லது, முடியுற தேதிக்கு முன்னாடியே அடுத்ததுக்கு வெல விசாரிக்கச் சொல்லுங்க. உங்களுக்கு, இப்போதைக்கு மாசம் 600 யூனிட்டத் தாண்டாம பாத்துக்கங்க, அதுக்குள்ள இருந்தா 10 வெள்ளி சேவைக் கட்டணமும் கெடையாது, எரிபொருள் வெலைக்காக மாசாமாசம் ஏத்தி எறக்கறதும் உங்க பில்லுல வராது.