டீசல் ஏறினால் வெங்காயம் எவ்வளவு ஏறணும்? கேள்வி பதில்

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் இருபது வருஷம் கணக்கு எழுதினேன். இப்போது ஊரில் இரண்டு ஏக்கர் விவசாயம். எண்ணெய் விலை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த கணக்கில் பதில்.

கேள்வி: டீசல் ஏறிவிட்டது என்று கடைக்காரர் வெங்காயத்துக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் கூட்டிவிட்டார். நியாயமா அண்ணா? (குடும்பத் தலைவி, சென்னை)

பதில்: போட்டுப் பார்த்துவிடுவோம் அம்மா. வெங்காயம் வரும் நாசிக்கிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். பத்துச் சக்கர லாரி லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் 325 லிட்டர். டீசல் 10 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 3,250. லோடு 16 டன். கிலோவுக்கு 20 காசு! ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினாலும் 40 காசைத் தாண்டாது. மீதி நாலரை ரூபாய்க்கு மழை, வரத்துக் குறைவு, மண்டி, கடை என்று பங்காளிகள் நிறைய. டீசல் மேல் பழி போட்டால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

ஆனால் விலை குறைவான, எடை கூடிய பொருளை டீசல் நேராக அடிக்கும். செங்கல், ஜல்லி, எம்சாண்ட், தண்ணீர் லாரி. வீடு கட்டுகிறவரைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்.

கேள்வி: டிராக்டர்காரர் உழவுக்கு மணிக்கு 200 ரூபாய் ஏற்றிவிட்டார். (விவசாயி, திருவாரூர் பக்கம்)

பதில்: மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் போட்டால் மணிக்கு ஆறேழு லிட்டர் குடிக்கும். டீசல் 10 ரூபாய் ஏறினால் 70 ரூபாய்தான் நியாயம். அதைவிட எரிச்சல், ஏறிய கூலி இறங்காது என்பது. டீசல் மீதான கலால் வரியை 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதம் 6 ரூபாயும் குறைத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு டிராக்டரும் ரேட்டைக் குறைக்கவில்லை. கேட்டால், "டயர் என்ன விலை தெரியுமா?" என்றார்கள். அதிலும் பொய்யில்லை, டயரில் போகும் செயற்கை ரப்பரும் கார்பன் கரியும் கச்சா எண்ணெய் வழி வந்தவைதானே.

தண்ணீர் விஷயத்தில் கரண்ட் மோட்டார் உள்ளவர் தப்பித்தார், விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆயில் எஞ்சின் வைத்து இறைப்பவர்தான் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் காசு எண்ணுகிறார். யூரியாவுக்கு இயற்கை எரிவாயுதான் மூலப்பொருள். ஆனாலும் 45 கிலோ மூட்டையை 266.50 ரூபாயில் அரசு மானியம் பிடித்து வைத்திருக்கிறது. பொட்டாஷுக்கு அந்தப் பிடி இல்லை. 2022ல் மூட்டை 1,700 ரூபாய் வரை போனது.

கேள்வி: கச்சா எண்ணெய் இறங்கினாலும் பெட்ரோல் பங்கில் இறங்குவதில்லையே? (பைக் டெலிவரி, கோவை)

பதில்: 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் தரைமட்டத்துக்கு வந்தது. மே 5 ராத்திரி மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. இறங்கிய காசு அங்கே போனது. அப்புறம் 2022 மே கடைசியிலிருந்து 2024 மார்ச் வரை சென்னையில் பெட்ரோல் 102.63லேயே நின்றது. நடுவில் கச்சா எண்ணெய் பீப்பாய் 120 டாலருக்கும் போனது, 75க்கும் வந்தது. 2017ல் கொண்டுவந்த தினசரி விலை மாற்றம் அந்த நாட்களில் பெயரளவில்தான்.

கேள்வி: பெட்ரோல் ஏறினால் பாமாயில் ஏன் ஏறுகிறது?

பதில்: இந்தோனேசியா டீசலிலேயே பாமாயிலைக் கலக்குகிறது. டீசல் விலை ஏற ஏற வண்டிக்கும் வடைச்சட்டிக்கும் போட்டி. 2022 ஏப்ரல் கடைசியில் உள்நாட்டு விலை தாங்காமல் ஏற்றுமதியையே மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் வரவில்லை. ரெண்டும் ஒரே நேரத்தில்.

கேள்வி: கேஸுக்குப் பதில் இண்டக்‌ஷன் வாங்கலாமா சார்?

பதில்: 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் வேலைக்கு இண்டக்‌ஷனில் சுமார் 120, 130 யூனிட் ஆகும். உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும், அதுவரை மிச்சம் பிடித்ததும் போய்விடும். எங்கள் வீட்டில் பால், டீ, வெந்நீர் இண்டக்‌ஷனில்; குழம்பு கேஸில். தோசையை மாற்றலாம் என்று சொல்லிப் பார்த்தேன், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.