காதையும் திறந்து வையுங்கள்: திரைப்படக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, 'அந்தப் படம் எப்படி ஐயா?' என்ற ஒற்றை வரியில் இருந்தன. எந்தப் படம், எந்த மொழி, எந்த ஆண்டு என்று எழுதாதவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரே தலைப்பில் மூன்று படங்கள் வந்துவிட்ட காலம் இது. விவரமாக எழுதியவர்களுக்கு மட்டும் கீழே பதில் தந்திருக்கிறேன்.

'மகாராஜா' படத்தை வீட்டில் பார்த்தோம். பாதிக்குமேல் யார், எப்போது, எங்கே இருக்கிறார்கள் என்றே புரியவில்லை. இயக்குநர் வேண்டுமென்றே குழப்புகிறாரா? (செந்தூல் வாசகி)

வேண்டுமென்றேதான் செய்கிறார். ஆனால் குழப்புவதற்காக அல்ல, மறைப்பதற்காக. பல ஆண்டு இடைவெளியில் நடக்கும் இரண்டு கதைகளை நித்திலன் சாமிநாதன் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதாக நம்மை நம்பவைக்கிறார். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் விஜய் சேதுபதி, லட்சுமியைக் காணவில்லை என்று போலீஸ் நிலையத்தில் வந்து நிற்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி என்று தெரிந்ததும் அரங்கமே சிரித்தது. அதே தொட்டியைக் கடைசியில் பார்க்கும்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த மாற்றத்துக்காகத்தான் கதை முன்னும் பின்னும் போகிறது.

'நடுவில் சமையலைப் பார்க்க இரண்டு முறை எழுந்து போனேன்' என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது, அம்மா. புரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். சமைத்து முடித்துவிட்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரே அமர்வில் இன்னொரு முறை பாருங்கள்.

அதே படத்தைப் பத்து வயது மகனுக்குக் காட்டலாமா? சண்டைக் காட்சிகள் அவனுக்குப் பிடிக்கும். (கிள்ளான்)

கூடாது. படத்தின் மையத்தில் ஒரு சிறுமிக்கு நேரும் பாலியல் கொடுமை இருக்கிறது. போஸ்டரில் அச்சிட்டிருக்கும் வயது வரம்பைப் படிக்காமல் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். இதை எத்தனை முறை எழுதினாலும் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஒலிபெருக்கியில் கோளாறா? (ஷா ஆலம்)

கோளாறு இல்லை. பி.எஸ்.வினோத்ராஜ் அந்தப் படத்துக்கு இசையே வைக்கவில்லை. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் குரல், தொண்டையில் சுண்ணாம்பு பூசிய சூரியின் கட்டிப்போன குரல், இவைதான் அதன் இசை. அந்த ஓசைகளுக்கு நடுவே அன்னா பென் ஏறக்குறையப் படம் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். பின்னணியில் ஒரு வயலின் அழுதிருந்தால் அந்தப் பெண்ணின் பிடிவாதம் நமக்குக் கேட்டிருக்காது. முடிவு எங்கே என்று கேட்டு எழுதிய மற்ற நான்கு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அவளைப் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வருகிறீர்களோ, அதுதான் முடிவு.

'மெய்யழகன்' பார்த்து எல்லோரும் அழுததாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மெதுவாகப் போனதால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் பார்க்க முடிந்தது. (பெட்டாலிங் ஜெயா)

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் அரவிந்த் சாமி மூச்சு விடுவதுகூடத் தெரியாது. பிறகு எங்கிருந்து அழுகை வரும்? சொத்துத் தகராறில் வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போனவர், இருபது ஆண்டுக்கும் மேலாகத் திரும்பிப் பார்க்காத ஊருக்கு ஒரு கல்யாணத்துக்காக வருகிறார். ஒட்டிக்கொண்டு உபசரிக்கும் உறவுக்காரனின் (கார்த்தி) பெயர் அவருக்கு நினைவில் இல்லை. கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதன் தன் வெட்கத்தோடு ஓர் இரவைக் கழிப்பதுதான் கதை. ஓர் இரவு ஓர் இரவின் வேகத்தில்தான் நகரும்.

படம் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு வந்தது. வெளியான சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடம் போல வெட்டினார்கள். பொறுமையில்லாத பார்வையாளர்கள் போட்ட சத்தத்துக்கு ஒரு இயக்குநர் தன் படத்தைக் குறைக்க வேண்டி வந்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. கார்த்தி பேசும் சில அரசியல், வரலாற்றுப் பேச்சுகள் நீளம்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மிதிவண்டியின் கதையை அவர் சொல்லும் இடத்தை மட்டுமாவது, சரியான வேகத்தில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஊரை விட்டுப் போனவர் வேண்டாம் என்று விட்டுப்போன பழைய மிதிவண்டி ஒன்று, அவருக்கே தெரியாமல் வேறொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அதைக் கேட்கும்போது அரவிந்த் சாமியின் முகத்தைப் பாருங்கள்.

'பிரமயுகம்' கறுப்பு வெள்ளையில் இருக்கிறதே, பழைய படமா? (ரவாங்)

2024இல் வந்த மலையாளப் படம். கறுப்பு வெள்ளையில் எடுத்தது இயக்குநர் ராகுல் சதாசிவனின் முடிவு. சிதைந்த மனையின் இருட்டுக்கும் மம்மூட்டியின் சிரிப்புக்கும் நிறம் தேவைப்படவில்லை. திகில் என்றால் கதவு படீரென்று சாத்துவதுதான் என்று நினைப்பவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

நம் மலேசியாவின் உள்ளூர்த் தமிழ்ப் படங்களில் பேசும் தமிழ் கொச்சையாக இருக்கிறது. மலாய்ச் சொற்களும் சீனச் சொற்களும் கலக்கின்றன. தமிழ்நாட்டுப் படங்களில் வரும் சுத்தமான தமிழ் ஏன் இவர்களுக்கு வருவதில்லை? இந்த நிலையில் ஆதரவு கொடுங்கள் என்று கேட்டால் எப்படி? (பூச்சோங்)

எந்தத் தமிழ்நாட்டுப் படத்தில் நீங்கள் சுத்தத் தமிழைக் கேட்டீர்கள்? 'வாழை'யில் தென்மாவட்டத்துக் கிராமப் பேச்சு இருக்கிறது. வடசென்னைக் கதையென்றால் இங்கே பலருக்கு முதல் அரைமணி நேரம் பாதி விளங்குவதில்லை. அதையெல்லாம் மண்வாசனை என்று கொண்டாடுகிறோம். நம் வீட்டில் பேசுவது திரையில் கேட்டால் மட்டும் கொச்சையா?

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015 இறுதியில் வந்தது. தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் 'ஜாஹாட்' என்றால் கெட்டது, பொல்லாதது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் அந்தச் சொல் நம் நாக்குக்கு ஏற்ப வளைந்து 'ஜகாட்' ஆனது. என் பாட்டி, பேச்சுக் கேளாத பிள்ளையை அப்படித்தான் அழைப்பார். அதில் பாதி கோபம் இருக்கும், பாதி செல்லம் இருக்கும். அகராதியைப் புரட்டி எந்தத் தூய சொல்லை அங்கே வைத்தாலும் கோபம் வரும், செல்லம் வராது. தோட்டம் துண்டாடப்பட்டபின் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பம், கற்பனை மிகுந்த அப்போய் என்ற சிறுவன், அவனை அடித்துத் திருத்த நினைக்கும் தந்தை, குண்டர் கும்பலின் நிழல். 1990களின் தொடக்கத்தில் நம்மில் எத்தனை பேர் வாழ்ந்த வாழ்க்கை இது! இந்தக் கதையை மதுரைத் தமிழில் பேசியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

நான் அதை ஒரு வேலைநாளின் பகல் காட்சியில் பார்த்தேன். அரங்கில் இருபது பேர் இருந்திருப்போம். எனக்கு முன்வரிசையில் ஒரு வயதான தம்பதி. தந்தை மகனைத் திட்டும் ஓர் இடத்தில் அந்தப் பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, மனைவியின் பக்கம் சாய்ந்து, 'எங்கள் அப்பாவின் பேச்சு' என்றார். அதன்பிறகு படம் முடியும்வரை முன்னிருக்கையின் முதுகை இரு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். விளக்குப் போட்ட பிறகும் அவர் உடனே எழுந்திருக்கவில்லை. அறுபது எழுபது ஆண்டு படம் பார்த்த மனிதர். தன் தகப்பனின் குரலைத் திரையில் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டிருக்கிறார். இதையா கொச்சை என்கிறீர்கள்?

அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியபோது நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. திரைத்துறையின் மலாய்க் கலைஞர்களே முன்னால் நின்று பேசினார்கள். பிரிவுகள் மாற்றப்பட்டன. சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை 'ஜகாட்' வென்றது. மலாய்க்காரரும் சீனரும் நம் பேச்சைக் கேட்டு, இதுவும் மலேசியப் படம் என்று ஏற்றுக்கொண்டார்கள். நாம்தான் இன்னும் கூச்சப்படுகிறோம்.

உள்ளூர்ப் படங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. குரல் பதிவு உதட்டோடு ஒட்டாமல் மிதக்கிறது. சென்னைக் கதாநாயகனைப் போல நடந்துவரும் காட்சிக்கு மூன்று நிமிடம் செலவழிக்கிறார்கள். கோலாலம்பூர் என்றால் இரட்டைக் கோபுரத்தை மேலிருந்து காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். இவற்றைத் திட்டுங்கள், பெயர் சொல்லித் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த உள்ளூர்ப் படம் 2011இல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பின் 'வெடிகுண்டு பசங்க'வும் வந்துவிட்டது, இன்னும் எத்தனையோ வந்துவிட்டன.

'ஆதரவு' என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுவோம். எடுப்பவர்களும் கேட்க வேண்டாம், பார்ப்பவர்களும் கொடுக்க வேண்டாம். டிக்கெட் என்ன, மொய்ப் பணமா? பதினைந்து இருபது வெள்ளி கொடுத்துப் படம் பார்க்கிறோம். நன்றாக இருந்தால் நான்கு பேரிடம் சொல்கிறோம், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று சொல்கிறோம். அந்த மரியாதை போதும். முதல் வார இறுதியில் போய்விடுங்கள்; இரண்டாம் வாரத்தில் காட்சி இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திராதீர்கள்.

'அபாங் அடேக்' பார்க்கச் சொல்லி முன்பு எழுதியிருந்தீர்கள். சீனப் படம் நமக்கு எதற்கு? (காஜாங்)

கோலாலம்பூரின் புடுவில் நடக்கும் கதை ஐயா. நீங்கள் பஸ் ஏறிய இடம், காய்கறி வாங்கிய சந்தை. அடையாள ஆவணம் இல்லாத இரண்டு பேர் அண்ணன் தம்பியாக வாழ்கிறார்கள். அவித்த முட்டையை ஒருவர் தலையில் மற்றவர் தட்டி உடைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த ஒரு பழக்கத்தில் அவர்களின் உறவு முழுவதும் வந்துவிடுகிறது. அண்ணன் வாய் பேச முடியாதவர், காதும் கேட்காது. அந்த வேடத்துக்காக வு காங்ரென் 2023இல் தைவானின் தங்கக் குதிரை விருதைப் பெற்றார். சிறையில் அவர் கைகளாலேயே தன் ஆற்றாமையைக் கொட்டும் காட்சியில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் எனக்குக் காது அடைத்துப்போனது. குடிமக்களுக்கான நீலநிற அடையாள அட்டைக்காக அலைந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை? இதற்குமேல் இது நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம்.

அண்மையில் பி.ரம்லியின் 'பெனாரிக் பேச்சா' பார்த்தேன். பழைய தமிழ்ப் படம் போலவே இருந்தது. காரணம் உண்டா? (ஜார்ஜ் டவுன் வாசகி)

நல்ல கேள்வி, இதைக் கேட்டது பினாங்கு வாசகி என்பதில் மகிழ்ச்சி. ரம்லி 1929இல் உங்கள் ஊரில் பிறந்தவர். அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். அன்றைய மலாய்ப் படங்கள் சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையத்தில் உருவாயின. இயக்குநர்கள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1948இல் ரம்லியைத் திரைக்குக் கொண்டுவந்த 'சிந்தா'வை இயக்கியவர் பி.எஸ்.ராஜ்ஹான்ஸ். 1950இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல்.கிருஷ்ணன், சென்னையில் பிறந்த தமிழர். ஏழைக் கதாநாயகன், பணக்கார வீட்டுப் பெண், நடுவில் பாட்டு, கடைசியில் தகப்பனின் மனமாற்றம் என்ற அமைப்பு அந்த வழியாக வந்ததுதான். 1955இல் ரம்லி தாமே முதன்முதலாக இயக்கிய படம்தான் 'பெனாரிக் பேச்சா'; அதில் அந்த அமைப்பைத் தம்முடையதாக்கிக்கொண்டார். ரிக்‌ஷா இழுப்பவனின் குரலில் அவர் பாடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை கேளுங்கள்.

'கபாலி'யை மறுபடி பார்த்தேன். நான் இங்கே அரங்கில் பார்த்த முடிவும் இதுவும் ஒன்றாக இல்லையே? (சுங்கை பூலோ)

ஒன்றாக இல்லைதான். மூலப்படம் இருட்டில், ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடியும். இங்கே 2016இல் வெளியான பிரதியில், கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாக ஓர் எழுத்து அட்டையைச் சேர்த்தார்கள். பா.ரஞ்சித் நம்மிடம் விட்டுப்போன கேள்விக்கு வேறு யாரோ பதில் எழுதிவிட்டார்கள். மூலத்தையே பாருங்கள்.

கிரிக்கெட் தெரியாது. 'லப்பர் பந்து' பார்க்கலாமா? (ஈப்போ)

தாராளமாக. அது மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையே உள்ள வீம்பைப் பற்றிய படம். ஸ்வாசிகா கணவரைப் பார்க்கும் பார்வை ஒன்றுக்காகவே பார்க்கலாம்.

அரங்கில் எந்த இருக்கை நல்லது? (பட்டர்வொர்த்)

திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் தள்ளி, வரிசையின் நடுவில். படம் எங்கிருந்தும் தெரியும். ஒலி எல்லாப் பக்கமும் சமமாக வந்து சேர்வது அங்கேதான். சுவரோரம் உட்கார்ந்தால் ஒரு பக்கத்து ஒலிபெருக்கி மட்டும் காதில் அறையும். கைபேசியை உட்காரும் முன்பே அணைத்துவிடுங்கள்.