வீட்டிற்குள்ளேயே சிறுநீர் கழிக்கும் நாய்க்குட்டியை எவ்வாறு பழக்குவது?

மூன்று மாதக் குட்டி, வெளியே அழைத்துச் சென்றாலும் வீட்டிற்குள் வந்தே சிறுநீர் கழிக்கிறது, அடித்தால் திருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்த வயதில் பகலில் ஏறத்தாழ 3 மணி நேரத்திற்கு மேல் அதனால் அடக்க இயலாது. அடி வாங்கிய குட்டி, உங்கள் கண்ணெதிரே சிறுநீர் கழிக்கக்கூடாது என்பதை மட்டுமே கற்றுக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் ஒதுங்கத் தொடங்கும்.

தூங்கி எழுந்ததும், உண்ட சில நிமிடங்களிலும், விளையாடி முடித்ததும், வாரில் பிடித்து ஒரே இடத்திற்கு அழைத்துச் சென்று, அது வேடிக்கை பார்த்து முடிக்கும் வரை பேசாமல் நில்லுங்கள். பெரும்பாலும் நாம் அவசரப்பட்டுத் திரும்புவதால்தான் மீதிச் சிறுநீரை வீட்டிற்குள் வந்து கழிக்கிறது. கழித்து முடித்த அந்த நொடியிலேயே தின்பண்டம் கொடுத்துப் பாராட்டுங்கள். வீட்டிற்குள் மூக்கைத் தரையில் வைத்து வட்டமிட்டால் உடனே வெளியே கொண்டு செல்லுங்கள்.

தரையில் கழித்துவிட்டால், ஈரத்தை ஒற்றியெடுத்து, சிறுநீரின் நெடியை நீக்கும் நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்தவற்றின் நெடி சிறுநீரை ஒத்திருப்பதால் குட்டி அங்கேயே திரும்பி வரக்கூடும்.

நன்கு பழகிய வளர்ந்த நாய் திடீரென்று இவ்வாறு செய்தால், சிறுநீர்த் தொற்றோ நீரிழிவோ காரணமாக இருக்கலாம் என்பதால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.