மில் கேட்டுக்கு வெளியே நடந்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறேன். அரைநைட் ஷிஃப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது, பைக்கில் வந்த இரண்டு பேர் செயினைப் பறித்துக்கொண்டு கீழே தள்ளிவிட்டார்கள். இடது கை முறிந்துவிட்டது. “கேட்டுக்கு வெளியே நடந்தது எங்கள் பொறுப்பில்லை. வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடும்மா, லீவு தருகிறோம்” என்கிறார் ஹெச்ஆர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், நடந்ததை நடந்தபடி எழுதி இன்றே ஸ்பீட் போஸ்டில் மில்லுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்.

வீட்டில் விழுந்தால் அது ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கணக்கில் வெறும் நோய். சம்பளத்தில் 70 சதவீதம்தான், அதுவும் 91 நாள் வரைதான். வேலைக் காயம் என்றால் 90 சதவீதம். கை பழையபடி மடங்காமல் போனால், மருத்துவ வாரியம் மதிப்பிடும் ஊனத்துக்கு ஏற்ப ஈஎஸ்ஐ ஆயுள் முழுக்கப் பணம் தரும். ஹெச்ஆர் கேட்கும் அந்த ஒற்றை வரியில் இதெல்லாம் போய்விடும். பறிபோன செயினுக்கு மட்டும் யாரும் தரமாட்டார்கள்.

வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வரும்போதும் நேரும் விபத்து வேலை விபத்துதான் என்று 2010-லேயே ஈஎஸ்ஐ சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ‘இது விபத்து இல்லை, குற்றம்’ என்று வாதாடுவார்கள். ஆட்டோவைத் திருட வந்தவர்கள் ஓட்டுநரைக் கொன்றதையே 2000-இல் உச்ச நீதிமன்றம் விபத்து என்று ஏற்றது. ராத்திரி ஷிஃப்டில் பெண்களை வேலை வாங்கினால் வண்டி விட வேண்டும் என்பதும் அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் போட்ட நிபந்தனை. உங்கள் மில் வண்டி விட்டதா?

ஒரு விஷயத்தில் கவனம். நேராக வீட்டுக்குத்தானே போனீர்கள்? நேரம், இடம், வேலை மூன்றும் பொருந்த வேண்டும். வழியில் பெட்ரோல் போட நின்றதெல்லாம் தப்பில்லை. அக்கா வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வேறு ரோட்டில் வந்திருந்தால் சிக்கல். மழையால் ரோடு மூடி சுற்றி வந்தீர்கள் என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

அப்புறம் அலைச்சல். ஈஎஸ்ஐயில் மில்லின் விபத்து அறிக்கையைக் கேட்பார்கள். மில்லில் எஃப்ஐஆர் கேட்பார்கள். ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடாமல், புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் போடலாம், நகல் இலவசம் என்று சட்டம் இருந்து என்ன? காயம்பட்டவர்தான் கட்டுக்கையோடு மூன்று இடமும் ஏற வேண்டும். முதலில் ஆஸ்பத்திரியின் ஏஆர் (விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்கிப் பாருங்கள். கூட வந்தவர் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டாள்’ என்று சொல்லியிருந்தால் அதுவே பதிவாகியிருக்கும். அப்படியென்றால், பறித்துத் தள்ளியதைப் போலீஸ் வாக்குமூலத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். மில் அறிக்கை அனுப்ப மறுத்தால் ஈஎஸ்ஐ கிளை மேலாளருக்கு நீங்களே எழுதலாம். சிகிச்சையில் இருக்கும்போது உங்களை வேலையை விட்டு நிறுத்த முடியாது.

கிளை அலுவலக வாசலில் ஃபைலோடு நிற்பவர் ‘இருபது பர்சென்ட் கொடும்மா, முடித்துத் தருகிறேன்’ என்பார். படிவம் இலவசம், பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.